இதர செலவு

அப்பாவின் கணக்கு நோட்டில் முதல் ‘இதர’ 2021 ஆகஸ்ட் 19-ஆம் தேதி வருகிறது. பால் 26, வாழைக்காய் 20, ஃபேன் ரிப்பேர் 350, அதற்குக் கீழே இதர 1,500. நான்கு நாள் கழித்து இதர 2,000. தீபாவளிக்கு முந்தைய வாரம் மட்டும் மூன்று இதர. பதினாலு மாதத்துக் கணக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன்: 2,37,000 ரூபாய். அப்பா திருமங்கலம் பக்கத்துக் கூட்டுறவு கடன் சங்கம் ஒன்றில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்து, செயலாளராக ஓய்வு பெற்றவர். பேரேட்டில் ஒரு ரூபாய் உதைத்தால் அது எங்கே என்று கண்டுபிடிக்காமல் சாப்பிட வரமாட்டார். அப்படிப்பட்ட மனுஷனுக்கு நோட்டில் பொய் எழுதக் கை வரவில்லை, உண்மையை எழுதவும் முடியவில்லை. அதனால் இதர.

இதை எழுதலாமா என்று இரண்டு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவிடமும் அம்மாவிடமும் தம்பியிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சிலதை மாற்றியிருக்கிறேன். அம்மா மட்டும் ஒரு நிபந்தனை போட்டாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

அப்பாவுக்கு பார்க்கின்சன் நோய் என்று 2019-ல் சொன்னார்கள். முதலில் வலது கை. டம்ளரைப் பிடித்தால் காப்பி தளும்பும். அப்புறம் கையெழுத்து. இந்த நோயில் எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். வரியின் தொடக்கத்தில் ஓரளவு தெரியும், முடிவதற்குள் எறும்பு வரிசையாகிவிடும். சங்கத்தில் அப்பாவின் கையெழுத்தைப் பார்த்துத்தான் புதிதாக வரும் எழுத்தர்கள் எழுதப் பழகுவார்களாம். நோயை விட அதுதான் அவரை ஒடித்தது. 2021-ல் டாக்டர் பிரமிபெக்ஸோல் என்று ஒரு மாத்திரை சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டினார். இரண்டே மாதத்தில் ஆள் மாறிவிட்டார். தனியாக டீக்கடைக்கு நடந்து போனார். எழுத்து மறுபடி பெரிதானது. நோட்டில் அந்த ‘இதர’க்கள் எல்லாம் எவ்வளவு அழகான, உருண்டையான எழுத்தில் இருக்கின்றன என்பதுதான் இன்றைக்கும் எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

அப்பா கலகலப்பானார். ராத்திரி தூங்காமல் ஆன்லைனில் எதையாவது வாங்கிக்கொண்டே இருந்தார். பதினோரு டார்ச் லைட் வந்தது. ஒன்று, இரண்டல்ல, பதினொன்று. கரண்ட் கட்டாகும் வீடுதானே என்று சொல்லிச் சிரித்தோம். “பத்து வயசு குறைஞ்சு போச்சுய்யா உங்களுக்கு” என்று மாமா கிண்டல் செய்தபோது அம்மா சட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பால் பொங்கியிருக்கும் என்று நினைத்தேன்.

2022 புரட்டாசியில், முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னாள். தலையை நிமிர்த்தவே இல்லை. “ஏத்தா, உங்க அப்பாவை எங்கயாச்சும் கொண்டு போய்க் காட்டணும்த்தா.” கை உதறல் கூடிவிட்டதா என்று கேட்டேன். “அது இல்ல.” கொஞ்ச நேரம் கீரை மட்டும் உருவினாள். பிறகு மெதுவாக, வேறு யாருடைய வீட்டுக் கதையோ போல, சொல்ல ஆரம்பித்தாள். ஒரு வருஷமாக அவளைத் தூங்க விடுவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு, மூன்று மணிக்கு, விடியற்காலையில். வேண்டாம் என்று சொன்னால் கோபம், பிறகு அழுகை, பிறகு மறுபடி. அவளுக்கு அறுபத்து மூன்று வயது, முழங்கால் தேய்மானம். நாலு மாதமாக அடுப்படிக்குள் பாய் போட்டு, உள்ளே தாழ்ப்பாள் போட்டுப் படுக்கிறாள். அவர் ஃபோனும் கையுமாக ஹாலில் இருப்பார். முகம் தெரியாத பெண்களோடு வீடியோ காலில் பேசுகிற செயலி, அதற்குக் காசு. “யார்கிட்ட சொல்றது? சொன்னா அப்புறம் நீங்க அவரை எப்படிப் பாப்பீங்க?”

எனக்கு முதலில் வந்தது அம்மா மேல் கோபம். இதை ஏன் என்னிடம் சொன்னாள் என்று. இதைச் சொல்லிக்கொள்ளப் பெருமையாக இல்லை. ஆனால் இந்தக் கட்டுரையில் மற்றவர்களுடைய அசிங்கத்தை மட்டும் எழுதிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது.

அந்தக் கேள்வி

முதலில் பார்த்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அங்கே ஒருவரும் இப்படி வரலாம் என்று சொன்னதில்லை, கேட்டதும் இல்லை. மதுரையிலேயே வேறொரு நரம்பியல் மருத்துவரிடம் போனோம். நடந்து காட்டச் சொன்னார். விரலைத் தட்டச் சொன்னார். மலச்சிக்கல் உண்டா, தூக்கத்தில் கத்துவாரா, எழுந்தால் தலை சுற்றுகிறதா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். அதே குரலில், பேனாவைக்கூட நிறுத்தாமல், “புதுசா ஏதாவது பழக்கம் வந்திருக்கா அய்யா? சீட்டு, ரம்மி, தேவையில்லாம பொருள் வாங்குறது, அளவுக்கு மீறிச் சாப்பிடுறது? தாம்பத்திய விஷயத்துல முன்னைக்கு இப்ப ரொம்ப வேகமா இருக்கா, அடக்க முடியலையா?” என்று கேட்டார்.

அறையில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அப்பா தரையைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த மருந்துக் கம்பெனி காலண்டரைப் பார்த்தேன். அம்மாதான் பேசினாள். “ஆமாங்கய்யா” என்றாள், அவ்வளவுதான். டாக்டர் தலையாட்டிவிட்டு, “எப்ப இருந்து?” என்றார். பேதி எப்போதிலிருந்து என்று கேட்பதைப் போல. அந்தத் தொனியை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அதில் இரக்கம்கூட இல்லை. இரக்கம் இருந்திருந்தால் அப்பா வாயைத் திறந்திருக்க மாட்டார் என்று தோன்றுகிறது. திறந்தார். பதினாலு மாதத்தையும் கணக்கு ஒப்படைப்பது மாதிரி, தேதி சொல்லிச் சொன்னார். கடைசியில், “நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல டாக்டர்” என்றார். “மாத்திரைங்க அய்யா” என்றார் டாக்டர்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். பார்க்கின்சனில் மூளையில் டோபமைன் சுரக்கிற செல்கள் அழிகின்றன. உடம்பின் அசைவைக் கவனிக்கிற பகுதிக்குத்தான் முதலில் தட்டுப்பாடு. லெவோடோபா மாத்திரை மூளைக்குள் போய் டோபமைனாகவே மாறும். பிரமிபெக்ஸோல் அப்படியல்ல, டோபமைன் மாதிரி வேஷம் போட்டு அது உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த இடங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர், அதிலும் டி3 என்கிற வகை ஏற்பிகள் மேல் அதற்குத் தனிப் பிரியம். அவை அதிகம் இருப்பது ஆசை, எதிர்பார்ப்பு, ‘இன்னொரு தடவை’ என்பதையெல்லாம் பார்த்துக்கொள்கிற பகுதியில். நோயின் ஆரம்ப வருஷங்களில் அந்தப் பகுதி பெரிதாகக் கெட்டிருப்பதில்லை. காய்ந்த வயலுக்கு என்று திறந்த தண்ணீர் ஏற்கெனவே நிரம்பிய வயலிலும் பாய்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 பார்க்கின்சன் நோயாளிகளைக் கேட்டு 2010-ல் வெளியான பெரிய ஆய்வொன்று இருக்கிறது. சூதாட்டம், பாலியல் வேகம், வாங்கிக் குவிப்பது, அள்ளித் தின்பது இந்த நான்கில் ஏதாவது ஒன்று, இவ்வகை மாத்திரை சாப்பிட்டவர்களில் 17.1 விழுக்காட்டினரிடம் இருந்தது, சாப்பிடாதவர்களில் 6.9. பிரான்ஸில் ரென் நகரத்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012-ல் இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு மாத்திரையால் சூதாட்டத்திலும் பாலியல் வேகத்திலும் சிக்கிச் சீரழிந்த ஒருவருக்கு ஏறத்தாழ 1,97,000 யூரோ இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அப்பாவின் டார்ச் லைட்டுகளுக்கும் அம்மாவின் தாழ்ப்பாளுக்கும் ஒரே வேர் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது என்றார். நிறுத்தினால் பதற்றம், மனச்சோர்வு என்று குடியை விட்டவனைப் போலத் தவிக்க வேண்டிவரும். வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்து, லெவோடோபாவைக் கொஞ்சம் கூட்டினார்கள். ஏழாவது வாரம் அப்பா தானாகவே ஃபோனை என்னிடம் கொடுத்து அந்தச் செயலியை எடுக்கச் சொன்னார். கை மறுபடி ஆடத் தொடங்கியது. நாங்கள் மூன்று பிள்ளைகளும் அழுதோம், அப்பாவைக் கட்டிக்கொண்டோம், பழைய அப்பா வந்துவிட்டார் என்றோம். முடிந்தது என்று நினைத்தேன்.

கொடுப்பினை இல்லாதவன்

சித்தி மகன் ஒருவன் இருக்கிறான். தம்பி என்றே சொல்கிறேன். முப்பத்து நான்கு வயது, வண்டிக் கடன் கொடுக்கும் கம்பெனியில் வசூல் வேலை. அவன் கதை எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். காலேஜ் காலத்திலிருந்து ஃபோன். பிறகு ராத்திரி முழுக்க ஃபோன். பிறகு மசாஜ் சென்டர், லாட்ஜ். சம்பளம் போய், கடன் செயலிகளில் மூன்று லட்சம் வரை போய், அந்தச் செயலிக்காரர்கள் அவன் ஃபோனிலிருந்த எண்களுக்கெல்லாம் அசிங்கமாக மெசேஜ் அனுப்பியபோதுதான் வெளியே வந்தது.

அவனுக்கு எங்கள் ஊரில் நடந்த வைத்தியங்களைச் சொல்கிறேன். முதலில் லாட்ஜ் ரூமில் மாதம் ஒருமுறை முகாம் போடும் வைத்தியர். “வாலிப வயோதிக அன்பர்களே” என்று தொடங்கும் குரலைக் கேட்காமல் வளர்ந்த தமிழன் உண்டா? அவர் இவனைப் பார்த்து, இளமையில் செய்த தவறால் நரம்பெல்லாம் தளர்ந்துபோயிருக்கிறது என்று சொல்லி, 45,000 ரூபாய்க்கு லேகியமும் பஸ்பமும் கொடுத்தார். வேடிக்கை என்னவென்றால், அடக்க முடியவில்லை என்று போனவனுக்கு அவர் கொடுத்தது ஆண்மை கூட்டுகிற லேகியம். இப்படி விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-லேயே மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறது. பஸ் ஸ்டாண்டு சுவர்களுக்கு அந்தச் சட்டம் இன்னும் போய்ச் சேரவில்லை.

அடுத்தது கால்கட்டு. “ஒரு கால்கட்டைப் போட்டா எல்லாம் சரியாயிரும்” என்று பெரியவர்கள் கூடிப் பேசி, விஷயம் தெரியாத ஒரு பெண்ணைக் கொண்டுவந்து கட்டினார்கள். இதற்கு நானும் போய்ச் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதிவிட்டு வந்தேன். ஒன்றரை வருஷத்தில் அந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரிந்தது. தெரிந்த மறுநாள் அவள் தனியாக பஸ் ஏறி எச்.ஐ.வி. பரிசோதிக்கும் அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துக்குப் போய், டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். ஒன்றும் இல்லை என்று வந்தது. அந்தத் தாளை அவன் மேசையில் வைத்துவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கால்கட்டு யாருடைய காலில் விழுந்தது என்று அன்று கேட்க எங்களில் ஒருவருக்கும் வாயில்லை.

மூன்றாவது மாலை. ஐயப்பனுக்கு மாலை போட்டு நாற்பத்தெட்டு நாள் இருந்தான். ஃபோனைத் தொடவில்லை, தரையில் படுத்தான், ஊரே மெச்சியது. மலையிலிருந்து வந்து மாலையைக் கழற்றிய அன்று ராத்திரியே பழையபடி. விடியும்வரை. “நாப்பத்தெட்டு நாளும் அது எங்கயும் போகலக்கா, வாசல்லயே உக்காந்திருந்துச்சு” என்றான் பின்னாளில்.

2023 வைகாசியில் ஒரு காதுகுத்து விசேஷம். பந்தியில் அப்பாவுக்குக் கை ஆடியது, எல்லோரும் எழுந்து வந்து பரிமாறினார்கள். அப்பாவின் விஷயம் அதற்குள் பாதி சொந்தத்துக்குத் தெரியும். மாத்திரையால் வந்தது என்றும் தெரியும். தம்பி கடைசிப் பந்தியில், ஓரமாக, தனியாக உட்கார்ந்திருந்தான். நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்ததைப் பார்த்து மாமா பிறகு சொன்னார்: “உங்க அப்பாவுக்கு வந்தது வியாதி. இவனுக்கு வந்தது திமிரு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பாத.”

அந்த வாக்கியம் என்னை விடவில்லை. சரி என்றும் தோன்றியது, எங்கேயோ இடித்தது. மாத்திரைச் சீட்டு இருந்தால் வியாதி, சீட்டு இல்லாவிட்டால் திமிர். அப்பாவின் மூளையில் ஒரு மாத்திரை திறந்துவிட்ட அதே மடை, இவனுக்கு மாத்திரை இல்லாமலே திறந்துகொண்டது என்றால் அவன் மட்டும் எப்படிக் குற்றவாளி?

இதைப் பற்றி உலகத்து மருத்துவர்களுக்குள்ளேயே சண்டைதான். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடான டிஎஸ்எம்-5, 2013-ல் வந்தபோது, மார்ட்டின் காஃப்கா என்ற மருத்துவர் முன்வைத்த மிகைப் பாலியல் கோளாறு என்ற பெயரைச் சேர்க்க மறுத்துவிட்டார்கள். ஆதாரம் போதாது, சாதாரண ஆசையை நோயாக்கிவிடுவோம் என்ற பயம். நீதிமன்றத்தில் தப்பிக்க ஒரு சாக்காகிவிடும் என்ற கவலையையும் பலர் எழுப்பியிருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் வேறு முடிவெடுத்தது. 2019-ல் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலில் ‘கட்டாயப் பாலியல் நடத்தைக் கோளாறு’ என்று ஒன்று இருக்கிறது. கவனியுங்கள், சூதாட்டத்தையும் வீடியோ கேமையும் போதைப் பழக்கங்களோடு வைத்தவர்கள், இதை அங்கே வைக்கவில்லை. உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத கோளாறுகளோடு வைத்தார்கள். போதையா இல்லையா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்ற கணக்கு அந்தப் பட்டியலில் கிடையாது. ஆறு மாதமோ அதற்கு மேலோ, வாழ்க்கையே அதைச் சுற்றிச் சுழல்கிறதா, உடம்பும் வீடும் வேலையும் கவனிப்பாரற்றுப் போகிறதா, நிறுத்தப் பார்த்துப் பார்த்துத் தோற்றிருக்கிறாரா, கெடுதல் வந்த பிறகும் தொடர்கிறதா, சுகமே இல்லாமல் போன பிறகும் தொடர்கிறதா என்று கேட்கிறது. இந்தக் கடைசி வரியைத் தம்பிக்குப் படித்துக் காட்டியபோது அவன் முகம் மாறியது. “அதுல சந்தோஷமே இல்லக்கா. எப்படா முடியும்னு இருக்கும். முடிஞ்ச உடனே செத்துரலாம்னு இருக்கும்.”

இன்னொரு வரியும் உண்டு, அதை நம் ஊருக்கென்றே எழுதினார்களோ என்று நினைத்தேன். இது தப்பு, பாவம் என்று மனசு குத்துவதால் மட்டும் ஒருவர் தவிக்கிறார் என்றால், அந்தத் தவிப்பை மட்டும் வைத்து இந்த நோய் என்று சொல்லக் கூடாது. வாரத்துக்கு இரண்டு நாள் ஏதோ பார்த்துவிட்டு, விந்து போனால் ஆயுசு போகும் என்று பயந்து சாகிற பையன்கள் இங்கே லட்சம் பேர் இருப்பார்கள். அந்தப் பயத்துக்கே டாக்டர் என்.என். விக் 1960-ல் ‘தாத் சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்தார். அந்தப் பையன்களுக்கு வேண்டியது உடம்பைப் பற்றி நாலு உண்மையான வார்த்தை. லாட்ஜ் வைத்தியரின் வருமானமே இந்த இரண்டு பேரையும் ஒன்றாகக் குழப்புவதில்தான் இருக்கிறது. 42 நாடுகளில் 82,243 பேரிடம் எடுத்து 2023-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஏறக்குறைய 5 விழுக்காட்டினர் இந்தக் கோளாறுக்கு அருகில் இருந்தார்கள். அவர்களில் 14 விழுக்காட்டினர்தான் எப்போதாவது சிகிச்சை தேடியவர்கள். மிச்சப் பேர் என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். மாலை போடுகிறார்கள்.

அம்மா சொன்னது

இவ்வளவும் படித்துவிட்டு, ஒரு வக்கீலைப் போலத் தயாராகி, அம்மாவிடம் போனேன். மாமா சொன்னது தப்பு, தம்பிக்கும் வியாதிதான், அப்பாவை மன்னித்த மாதிரி அவனையும் மன்னிக்கத்தான் வேண்டும் என்று அடுக்கினேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“வியாதியோ திமிரோ, அதைச் சொல்ற யாரும் அந்த ரூம்ல இல்ல. நான்தான் இருந்தேன்” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவளே தொடர்ந்தாள். “மாத்திரைதான்னு டாக்டர் சொன்ன உடனே நீங்க எல்லாரும் அப்பாவைக் கட்டிப்பிடிச்சு அழுதீங்க. என்கிட்ட ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல. மாத்திரைன்னு தெரிஞ்சதால என்னோட ஒரு வருசம் இல்லாமப் போயிருமா? அந்தப் பிள்ளை தனியா போயி ரத்தம் குடுத்துட்டு வந்துச்சே, அவனுக்கு வியாதின்னு பேர் வச்சா அதுக்கு என்ன ஆச்சு?”

நான் இத்தனை மாதமாக எழுப்பிக்கொண்டிருந்த கேள்வியே கோணலானது என்று அப்போதுதான் உறைத்தது. மாமா தண்டனை கொடுக்கிற நீதிபதி, நான் விடுதலை கொடுக்கிற நீதிபதி, இரண்டு பேருமே நாற்காலியை விட்டு இறங்கவில்லை. காரணம் என்ன என்பது டாக்டருக்கு வேண்டும், மாத்திரையைக் குறைக்கவா, பேச்சு வைத்தியமா, வேறு மருந்தா என்று முடிவெடுக்க. நடந்ததற்கு யார் பதில் சொல்வது என்பது வேறு கணக்கு. அப்பா அதைச் சொல்லவே இல்லை. ‘நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல’ என்று டாக்டரிடம் சொன்னாரே தவிர, அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. அம்மா அப்போதும் அடுப்படியில்தான் படுத்துக்கொண்டிருந்தாள், நாங்கள் கவனிக்கவில்லை. இந்தக் கட்டுரைக்கு அவள் போட்ட நிபந்தனை இதுதான்: “என்னையும் எழுது.”

அன்று சாயங்காலம் அவள் தம்பியின் மனைவிக்கு ஃபோன் போட்டாள். ஒரு மணி நேரம் மொட்டை மாடியில் நின்று பேசினாள். என்ன பேசினார்கள் என்று இதுவரை எனக்குத் தெரியாது. இறங்கி வந்து, “அவனைக் கூட்டிட்டுப் போ. நல்ல டாக்டராப் பாரு. பொண்டாட்டி திரும்பி வருவான்னு மட்டும் ஆசை காட்டிக் கூட்டிட்டுப் போகாத” என்றாள்.

14416 எண்ணில் அரசாங்கத்தின் டெலி-மானஸ் இருக்கிறது, தமிழில் பேசலாம், காசில்லை. தம்பி முதலில் பேசியது அங்கேதான், பைக்கில் உட்கார்ந்தபடி. பிறகு மதுரையில் ஒரு மனநல மருத்துவரும், அவரோடு வேலை செய்யும் ஓர் உளவியலாளரும். நான் முதல் நாள் கூடப் போனேன். அந்த டாக்டரம்மா எடுத்தவுடன் கேட்டது, “வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?” தம்பி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “இல்ல மேடம், அந்தக் கொடுப்பினை எனக்கு இல்ல” என்றான். தூக்கமே தேவைப்படாமல் நாள் கணக்கில் துள்ளித் திரிந்திருக்கிறானா, குடி உண்டா, சாக வேண்டும் என்று தோன்றுமா என்றெல்லாம் கேட்டார். இருமுனைக் கோளாறின் உச்சத்திலும் இப்படி வருமாம், அதை முதலில் ஒதுக்க வேண்டுமாம்.

அவர் விரதம் இருக்கச் சொல்லவில்லை. சத்தியம் வாங்கவில்லை. அதில் தம்பிக்கே கொஞ்சம் ஏமாற்றம். ஒரு பாக்கெட் நோட்டில் எழுதச் சொன்னார்: மணி என்ன, அதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன நடந்தது, உடம்பில் எங்கே என்ன தெரிந்தது. இரண்டு வாரத்தில் பத்தொன்பது பதிவு. அதில் நான்கில்தான் ‘ஆசை’ என்று எழுதியிருந்தான். மிச்சமெல்லாம் மேனேஜர் திட்டியது, வசூலுக்குப் போன வீட்டில் ஒரு கிழவி மண்ணை வாரித் தூற்றியது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தூக்கம் வராதது. பதினைந்து வருஷமாகக் காமம் என்று ஊரும் அவனும் நம்பியிருந்ததற்குள் பாதிக்கு மேல் அவமானமும் தனிமையும் இருந்திருக்கின்றன.

பிறகு ஃபோனை ராத்திரி பக்கத்து அறையில் சார்ஜ் போடுவது, கடன் செயலிகளை எடுப்பது, சம்பளத்தைச் சித்தி கணக்குக்கு மாற்றுவது போன்ற சில்லறை வேலைகள். அவை பெரிய வேலை என்று இப்போது தெரிகிறது. உந்துதல் வரும்போது என்ன செய்வது என்று தனிப் பயிற்சி. அதை அவன் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. “தெருநாய் மாதிரிக்கா. ஓடுனா துரத்தும். கல்லெடுத்தா கொலைக்கும். சும்மா நின்னா, மோந்து பாத்துட்டு அதுவாப் போயிரும். இருவது நிமிசம் நிக்கணும், அவ்வளவுதான். அந்த இருவது நிமிசம்தான் உயிரு போகும்.” சுவீடனில் 137 ஆண்களுக்கு ஏழு வாரம் குழுவாக உட்காரவைத்து இந்த மாதிரி அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை கொடுத்துப் பார்த்து, காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களை விட நன்றாகக் குறைந்தது என்று 2019-ல் எழுதியிருக்கிறார்கள். மாத்திரைகளும் உண்டு. குடியை விடக் கொடுக்கும் நால்ட்ரெக்ஸோன், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் பராக்ஸெட்டின் இரண்டையும் போலந்தில் 73 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒன்று, மூன்றாவது குழுவுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை என்று 20 வாரம் கொடுத்துப் பார்த்ததில் பலன் தெரிந்திருக்கிறது. ஆனால் இந்த நோய்க்கென்றே ஒப்புதல் பெற்ற மருந்து என்று எதுவும் கிடையாது. தம்பிக்கு மனச்சோர்வும் இருந்ததால் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். ஈரல் பரிசோதனை செய்துவிட்டு நால்ட்ரெக்ஸோனும் நாலு மாதம். ஒருவிதத்தில் அப்பாவின் கதையே தலைகீழாக.

குணமாகிவிட்டானா என்று கேட்கிறார்கள். போன தீபாவளி வாரத்தில் இரண்டு ராத்திரி பழையபடி போய், 6,000 ரூபாய் தொலைத்தான். முன்பென்றால் எல்லாம் போச்சு என்று ஒரு மாதம் மூழ்கியிருப்பான். இந்தத் தடவை மூன்றாம் நாள் காலையில் உளவியலாளருக்கு ஃபோன் செய்தான். மனைவி திரும்பவில்லை. விவாகரத்து வழக்கு நடக்கிறது. அவளைக் குறை சொல்ல எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் தகுதியில்லை. தம்பி அவளுக்கு ஒரு கடிதம் எழுதினான், அதில் நோய் என்ற வார்த்தை வரவே இல்லை என்றான். நான் படிக்கவில்லை.

அப்பா இதையெல்லாம் எங்களுக்குத் தெரியாமல் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார். தம்பி வேலையை விட்டிருந்த மூன்று மாதமும் டாக்டர் ஃபீஸை அவர்தான் கொடுத்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அம்மா இப்போது அடுப்படியில் படுப்பதில்லை, ஹாலில் கட்டில் போட்டிருக்கிறாள். அப்பா அவளிடம் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். “சொன்னாரு” என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை.

போன மாதம் மின்சாரக் கட்டணம் கட்டின தேதியைத் தேடி அப்பாவின் நோட்டைப் புரட்டினேன். எழுத்து மறுபடி எறும்பாகிவிட்டது. பால், காய், கேஸ் எல்லாம் ஊகித்துத்தான் படிக்க வேண்டும். 1,200, 1,200 என்று மாதத்தில் இரண்டு வரி ஒரே மாதிரி வந்தன. எதிரே இருந்ததை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்குக்கு நேரே பிடித்துப் படித்தேன். ‘தம்பி, மருத்துவம்’ என்று இருந்தது.